இருதயத்தின் ஆகாரம்

இருதயம் ஈசுவரனுடைய இருப்பிடம் என்று உபநிஷத காலந்தொட்டு நம் ஆன்றோர் சொல்லி வந்திருக்கிறார்கள். சாந்தோக்கிய உபநிஷத்தின் எட்டாம் அத்தியாயம் இந்தச் சரீரத்தைப் பிரம்மபுரம் என்று கூறி, அந்தப் புரத்தினுள்ளே ஒரு சிறு தாமரை வீடு இருப்பதாகவும், அவ்வீட்டினுள்ளே நுண்ணியதொரு வெளி இருப்பதாகவும், அந்த வெளியில் எது உறைகின்றதோ அதனையே தேடி அறிய வேண்டும் என்றும் உபதேசிக்கிறது. சரீர சாஸ்திரம் பயின்றவர்களோ, மார்பினுள்ளே சற்று இடப்புறமாகச் சாய்ந்து கிடக்கும் அவ்வுறுப்பு ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள ஒரு தசை என்றும், ஓயாமல் சுருங்கி விரிவதற்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை அது கொழுப்பு அமிலங்களை எரித்தே பெறுகிறது என்றும் கூறுகிறார்கள். இவ்விரு கூற்றுகளும் ஒரே பொருளைப் பற்றியவைதாமா, அல்லவென்றால் எது எதைக் கைவிட வேண்டும் என்பதே இங்கு நான் எடுத்துக்கொண்ட விசாரம்.

இதற்கு எளிதில் கிடைக்கும் விடைகள் இரண்டு. ஞானிகள் குறித்த இருதயம் வேறு, வைத்தியர்கள் குறிக்கும் இருதயம் வேறு என்பது ஒன்று. பகவான் ரமணர் தம்மிடம் கேட்டவர்களுக்கு இருதய ஸ்தானம் மார்பின் வலப்பக்கத்தில் உள்ளது என்று சுட்டிக் காட்டியதும், முடிவான உண்மையில் அதற்கு இடம் என்பதே இல்லை என்று அருளியதும் பலரும் அறிந்தவை. அநுபூதியில் நின்று பேசிய அப்பெரியாருடைய வாக்கை எடையிடும் தகுதி எனக்கில்லை; ஆயினும், அந்த அநுபூதியின் வாசற்படியைக்கூட மிதியாத நம் போன்றோர் அவ்வாக்கைப் பற்றிக்கொண்டு, நம்முள் துடிக்கும் தசையைப் பற்றிய எந்த உண்மையும் நம் சமய சிந்தனையைத் தீண்டாதபடி கதவடைத்துக்கொள்வது பக்தியாகாது. மற்றொரு விடை, பழங்காலத்தார் உடற்கூறு அறியாமல், பயத்திலும் காதலிலும் படபடப்பது அவ்விடமாதலால் அங்கே ஆத்மாவைக் கற்பித்துவிட்டார்கள் என்பது. இவ்விரு விடைகளும் ஒன்றையொன்று பகைப்பனபோலத் தோன்றினும் அடித்தளத்தில் உடன்பட்டவை. உண்ணும் பொருளுக்கும் உள்ளுறையும் பொருளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை இரண்டுமே ஆராயாமல் ஒப்புக்கொள்கின்றன. அந்த ஒப்புதலைத்தான் சாந்தோக்கியம் தர மறுக்கிறது.

அதே உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்லும் செய்தியைத் தத்துவ நூல் கற்போர் பலரும், பின்னால் வரவிருக்கும் மகாவாக்கியத்தை நோக்கி விரையும் அவசரத்தில், நின்று படிப்பதில்லை. உண்ட அன்னம் மூன்றாகப் பிரிகிறது என்கிறார் உத்தாலகர்: அதன் பருமையான பாகம் மலமாகிறது, நடுவானது மாமிசமாகிறது, மிக நுண்ணியது மனமாகிறது. பருகிய நீரின் நுண்ணிய பாகம் பிராணனாகிறது. தேஜஸை உண்டால் அதன் பருமையான பாகம் எலும்பாகவும், நடுவானது மஜ்ஜையாகவும், நுண்ணியது வாக்காகவும் ஆகின்றன. தேஜஸை உண்பதாவது என்ன என்று ஐயுறுவோருக்கு, எண்ணெய், நெய் முதலியவற்றை உண்பதே அது என்று சங்கர பகவத்பாதர் தம் பாஷ்யத்தில் விளக்கம் தருகிறார். கொழுப்புப் பதார்த்தத்தை நெருப்பின் இனத்தில் சேர்த்து, அது எலும்பு மட்டும் ஆவதன்றி மனிதனுடைய பேச்சாகவும் ஆகிறது என்று கூறிய ஒரு மரபு, ஆகாரத்தையும் ஆத்ம விசாரத்தையும் இரு வேறு கூடங்களில் வைத்துப் பூட்டிய மரபாக இருக்க முடியாது.

மகன் நம்பவில்லை, தந்தை பரீட்சை வைக்கிறார். பதினைந்து நாள் உண்ணாதிரு, வேண்டுமளவு நீர் மட்டும் பருகு, நீர் பருகினால் பிராணன் அறுபடாது என்று சொல்லி அனுப்புகிறார். பதினைந்து நாள் கழித்து வந்த சுவேதகேதுவுக்குக் கற்ற வேதத்தில் ஒன்றும் தோன்றவில்லை. பெரிய நெருப்பு அவிந்து மின்மினி அளவு கனல் மிஞ்சினால் அதனால் எதை எரிக்க முடியும் என்று உவமை சொல்லி, உண்டு வா என்று அனுப்ப, உண்டு வந்தவனுக்குக் கேட்டதெல்லாம் நினைவுக்கு வருகிறது. மனம் அன்னமயம் என்பதை மகன் இவ்வாறு தன் உடம்பிலேயே கற்றான். இந்த ஆக்கியானத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி ஒன்றுண்டு. வேதம் மறந்துபோன அப்பதினைந்து நாளும் அவனுடைய இருதயம் ஒரு கணமும் தன் தொழிலை மறக்கவில்லையே; அன்னம் வராத அந்நாட்களில் அதற்கு ஆகாரம் அளித்தது எது?

இதற்கு விடை சொல்வதற்கு முன் அந்தத் தொழிலின் அளவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு 70 அல்லது 72 என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 துடிப்பு. ஓய்ந்திருக்கும் மனிதனிடத்திலும் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை அது உந்துகிறது. ஜீவ அணுக்களில் நடக்கும் வேலைக்கெல்லாம் உடனடிக் கூலியாகச் செலவாவது ஏ.டி.பி. என்னும் ஒரு ரசாயனப் பொருள். மனித இருதயம் ஒரே நாளில் ஆக்கி அழிக்கும் ஏ.டி.பி.யின் மொத்த எடை ஏறத்தாழ 6 கிலோகிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது தன் எடையைப்போல் இருபது மடங்கு. இந்த உற்பத்திக்காக இருதயத் தசையின் அணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன. பிராணவாயு இன்றி இவ்வுலை எரியாது. ஆகவே தன்னிடம் வரும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவில் முக்கால் பங்குவரை, ஓய்ந்திருக்கும் வேளையிலேயே இருதயம் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

அவ்வுலையில் முதன்மையாக எரிவது கொழுப்பு. சாதாரண நிலையில் இருதயத்தின் சக்தியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, பெரும்பாலும் நூற்றுக்கு 60 அல்லது 70, கொழுப்பு அமிலங்களிலிருந்தே கிடைக்கிறது. எஞ்சியதைக் குளுக்கோஸும் லாக்டிக் அமிலமும் நிரப்புகின்றன. உபவாச காலத்தில் ஈரல் ஆக்கி அனுப்பும் கீட்டோன்களையும் அது விருப்புடன் ஏற்கிறது. இதை மனிதர் அறிந்தது படிப்படியாகத்தான். 1904-இல் ஜெர்மானியரான பிரான்ஸ் நூப், சரீரத்தால் எரிக்க முடியாத ஒரு வளையத்தைக் கொழுப்பு அமிலங்களின் நுனியில் அடையாளமாகப் பிணைத்து நாய்களுக்கு ஊட்டி, வெளிப்பட்ட கழிவை ஆராய்ந்து, அந்த நீண்ட கரிச் சங்கிலி இரண்டிரண்டு கரி அணுக்களாகவே வெட்டுண்டு குறைகிறது என்று ஊகித்தார். 1949-இல் யூஜீன் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் அவ்வெட்டு நிகழுமிடம் மைட்டோகாண்ட்ரியாவே என்று எலியின் ஈரலைக்கொண்டு காட்டினார்கள். அதே காலத்தில் ரிச்சர்ட் பிங் என்பவர் உயிருள்ள மனிதனுடைய இருதயத்திலிருந்து திரும்பும் இரத்தத்தை மெல்லிய குழாய் செலுத்தி எடுத்து, உள்ளே சென்ற இரத்தத்தோடு ஒப்பிட்டு, இருதயம் எதை உண்டது என்று கேட்கும் முறையை நிறுவினார். உண்டவனைக் கேளாமல், பரிமாறிய இலையையும் எடுத்த இலையையும் பார்த்து அவன் உண்டதை அறிவது போன்ற அந்த உபாயத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கொழுப்பு அமிலம் இரத்தத்தில் தனியே செல்ல மாட்டாது. நீரில் கரையாத அதனை ஆல்புமின் என்னும் புரதம் சுமந்து செல்கிறது. இருதய அணுவின் சுவரைத் தாண்டி உள்ளே புகுந்த பின்னும் அது உடனே உலைக்குள் சென்றுவிட இயலாது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சுவரைக் கடப்பதற்குக் கார்னிடைன் என்னும் மற்றொரு பொருளின் துணை வேண்டும். 1905-இல் இறைச்சிச் சாரத்தில் கண்டெடுக்கப்பட்ட அப்பொருளுக்கு இப்படியொரு பணி உண்டென்பது தெளிவாக அரை நூற்றாண்டு சென்றது. உள்ளே புகுந்ததும், பதினாறு கரி அணுக்கள் கொண்ட பாமிடிக் அமிலமானால், ஏழு வெட்டுகளில் எட்டுத் துண்டுகளாகி, ஒவ்வொரு துண்டும் கிரெப்ஸ் கண்டறிந்த சக்கரத்தில் சுழன்று எரிந்து, கரியமில வாயுவும் நீருமாய் முடிகிறது. ஒரேயொரு மூலக்கூறு இவ்விதம் நூற்றுக்கு மேற்பட்ட ஏ.டி.பி. மூலக்கூறுகளை ஈட்டித் தருகிறது. உத்தாலகர் இதனை அறிந்திருந்தார் என்று வலிந்து சாதிப்பவர்கள் உபநிஷத்துக்கு நன்மை செய்பவர்கள் அல்லர். அவர் அறிந்தது வேறு, அது இதனால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் தேஜஸ் என்று அவர் வகைப்படுத்திய பொருளே நம் மார்பினுள் இடையறாத தீயாக இருக்கிறது என்று அறிந்தபின் அவருடைய அத்தியாயத்தை முன்போல் படிக்க என்னால் முடியவில்லை.

இனி, இருதயத்தின் வாழ்வில் என் மனத்தை மிகவும் ஆட்கொண்ட செய்திக்கு வருகிறேன். உடம்பிலுள்ள இரத்தம் அனைத்தும் தன் அறைகளின் வழியே சென்றும், அவ்வறைகளில் நிறைந்த இரத்தத்திலிருந்து, உட்புறத்து மெல்லிய படலம் ஒன்றைத் தவிர, இருதயத் தசை தன் ஆகாரத்தை எடுத்துக்கொள்வதில்லை. தான் உந்திய இரத்தம் மகாதமனியில் ஏறிய பிறகு, அதன் அடியிலிருந்து பிரியும் இரு சிறு நாளங்களின் வழியே திரும்பி வரும் பங்கே அதற்குரியது. அது மொத்தத்தில் நூற்றுக்கு 5 அளவினது. அதிலும் இடப்புறத்துப் பெரிய அறையின் தசை, தான் சுருங்கி உழைக்கும் வேளையில் தன் நாளங்களைத் தானே நெரித்துக்கொள்வதால், தளர்ந்து விரியும் இடைவேளையில்தான் பெரும்பாலும் உண்கிறது. இவ்வாறு உண்டதையும் அது சேர்த்து வைப்பதில்லை. சிறிதளவு கொழுப்புத் துளிகளும் சிறிதளவு கிளைகோஜனும் அதனிடம் உண்டெனினும், எந்தக் கணத்திலும் அதன் கையிருப்பிலுள்ள ஏ.டி.பி. ஒரு சில துடிப்புகளுக்கே போதுமானது. வரவு நின்றால் சில நொடிகளில் அதன் சுருக்கம் தளரத் தொடங்கிவிடுகிறது. இத்தனை பெருந்தொழிலைச் செய்யும் உறுப்பு இத்தனை ஏழ்மையானது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஏழ்மை என்றதும் பூசலார் நாயனாரை நினையாதிருக்க முடியவில்லை. திருநின்றவூரில் வாழ்ந்த அவ்வந்தணர் சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்க விரும்பிப் பொருள் தேடினார்; எங்கும் கிடைக்கவில்லை. அதன் பின்னரே அவர் மனத்தினுள் பொருள் சேர்த்து, தச்சரைத் தேடி, நாள் பார்த்து, அடிநிலை பாரித்து, மதிலும் குளமும் உட்பட ஒரு முழுக் கோயிலை இருதயத்தில் கட்டி முடித்தார் என்று சேக்கிழார் விரித்துரைக்கிறார். காஞ்சியில் காடவர்கோன் கட்டிய கற்றளிக்குக் குறித்த குடமுழுக்கு நாளிலேயே இறைவன் இவருடைய கோயிலுக்கு எழுந்தருளப் போவதாக அரசன் கனவில் உரைத்ததும், அரசன் அக்கோயிலைத் தேடி வந்து திகைத்ததும் யாவரும் அறிந்த சரிதம். பூசலாருக்குப் பொருள் கிடைக்காமற்போனது அச்சரிதத்தில் ஒரு தற்செயலான தடையாக எனக்கு இப்போது தோன்றவில்லை. சேமிப்பு ஒன்றுமில்லாதவர், சேமிப்பு ஒன்றுமில்லாத இடத்தில் கட்டிய கோயில் அது. அபரிக்கிரகம் என்று யோக நூலும் சமண நூலும் விதிக்கின்ற விரதத்தைத் தன் இயல்பாகவே உடையதொரு ஸ்தலத்தில்தான் அவருடைய தெய்வம் வந்து அமர்ந்தது.

ஆனால் சேமிப்பு எங்குமே இல்லையென்றால் சுவேதகேது பிழைத்திருக்க மாட்டான். சேமிப்பு வேறிடத்தில் இருக்கிறது. தோலுக்கடியிலும் வயிற்றினுள்ளும் படிந்துள்ள கொழுப்புத் திசுக்களில், மெலிந்த மனிதனிடத்திலும் பல கிலோகிராம் கொழுப்பு இருக்கும். கிராமுக்கு 9 கலோரி அளிக்கும் அந்த இருப்பைக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேலும் சரீரம் தாக்குப்பிடிக்கக் கூடும். உணவு நின்ற சில மணி நேரத்தில் இன்சுலின் குறைகிறது. கொழுப்புத் திசு தன் இருப்பை அமிலங்களாகப் பிரித்து இரத்தத்தில் விடுகிறது. இருதயம் அவற்றைக்கொண்டு முன்னிலும் மிகுதியாகக் கொழுப்பை எரிக்கிறது. அப்படி எரிக்கும்போது, குளுக்கோஸை எரிப்பதை அது தானாகவே குறைத்துக்கொள்கிறது என்று பிலிப் ராண்டில் முதலியோர் 1963-இல் விளக்கினார்கள். கொழுப்பு அமிலத்தை எரித்து வாழும் ஆற்றல் மூளைக்கு இல்லை. அது குளுக்கோஸையும், பட்டினி நீடித்தால் கீட்டோனையும் நம்பியிருப்பது. ஆகவே ஏகாதசியில் வாய் பட்டினி கிடக்க, பழைய உணவின் எச்சத்தை உண்டு இருதயம் உழைக்கிறது. அது தொடாமல் விட்ட சர்க்கரை மூளைக்குச் செல்கிறது.

வினைக் கொள்கையில் பயின்றவர்களுக்கு இங்கே ஓர் ஒற்றுமை தென்படும். முன்பு ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து பிரிந்து இப்போது நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். இனி ஏறுவது ஆகாமியம். கொழுப்புத் திசுவில் கிடப்பதும், அதிலிருந்து விடுபட்டு இரத்தத்தில் ஓடுவதும், இன்று உண்பதால் ஏறுவதும் இம்மூன்றைப் போலவே நிற்கின்றன. இரத்தத்திலுள்ள கொழுப்பு அமிலம் சில நிமிஷங்களே அங்கு நின்று நுகரப்பட்டுவிடுகிறது என்பதும் பிராரத்தத்தின் இயல்புக்குப் பொருந்துகிறது. ஒற்றுமை இவ்வளவில் நிற்கும். மேலே நீட்டினால் முறியும். வினையின் பயனை ஈட்டியவனே நுகர வேண்டும் என்பது விதி. இங்கோ ஈட்டியது ஒரு திசு, நுகர்வது வேறொரு திசு. ஒன்றின் சஞ்சிதத்தை மற்றொன்று உண்டு அதனால் மூன்றாவதொன்று பயனடைகின்ற இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சொல்ல வேண்டுமானால் வினைக் கொள்கைக்கு அப்பால், அருள் என்று பேசப்படும் பகுதியில்தான் தேட வேண்டியிருக்கும்.

இவ்விடத்தில் எனக்கு நானே ஒரு தடை எழுப்பிக்கொள்கிறேன். வந்ததை ஏற்று, இருப்பு வையாமல், பலனைக் கோராமல் உழைப்பதால் இருதயத்தைக் கர்மயோகி என்று புகழலாமா? கூடாது என்பதே என் துணிபு. யோகிக்கு மறுக்கும் ஆற்றல் உண்டு. இருதயத்துக்கு அது மிகவும் குறைவு. நீரிழிவு முற்றியவர்களிடத்தில், இரத்தத்தில் கொழுப்பு அமிலம் பெருகியும் குளுக்கோஸ் உட்புகும் வழி குறுகியும் விடுவதால், இருதயம் ஏறத்தாழக் கொழுப்பையே முழுதும் சார்ந்துவிடுகிறது. எரிக்கும் அளவுக்கு மேல் உள்ளே வந்த கொழுப்பு அணுக்களில் தங்கி நஞ்சாகிறது. கொழுப்பு நிறையச் சக்தி தருவதாயினும், அதே அளவு ஏ.டி.பி. ஆக்குவதற்குக் குளுக்கோஸைக் காட்டிலும் நூற்றுக்கு 10 பங்கு அளவில் கூடுதலான பிராணவாயுவைக் கேட்கிறது. நாளங்கள் அடைபட்டுப் பிராணவாயு அருகிய வேளையில் அந்தப் பத்துப் பங்கும் கடன் சுமையாகிறது. வந்ததை ஏற்பது ஒரு நிலையில் சந்தோஷம் என்னும் நியமம். மற்றொரு நிலையில் அதுவே தற்காப்பின்மை. எது உள்ளே வரலாம் என்று தேர்கின்ற விவேகம் இருதயத்தினுடையதன்று. அது அதன் உடையவனாகிய மனிதனிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இதனை உணராமல், இயற்கையின் ஒவ்வோர் உறுப்பையும் ஓர் ஆசாரியனாக ஆக்கிவிடும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை.

கொழுப்பைச் சார்ந்த இவ்வழக்கமும் இருதயத்துக்குத் தொடக்கமுதல் உள்ளதன்று. கருப்பையில் இருக்கும் சிசுவின் இருதயம் கொழுப்பை அவ்வளவாக எரிப்பதில்லை. பிராணவாயு குறைந்த அவ்விடத்தில் அது குளுக்கோஸையும் லாக்டிக் அமிலத்தையும் கொண்டே வாழ்கிறது. பிறந்து, மூச்சு விட்டு, தாய்ப்பாலை அருந்தத் தொடங்கிய பின் அது படிப்படியாகக் கொழுப்புக்கு மாறுகிறது. தாய்ப்பாலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி கொழுப்பினின்றே வருவது. வாழ்நாள் முழுதும் அவ்வழியில் நின்ற இருதயம், நோயால் நலிந்து தோல்வியுறும் காலத்தில், பல கூறுகளில் மறுபடியும் கருவின் வழக்கத்தை நோக்கித் திரும்புகிறது. இது நோயின் விளைவோ, நோயைத் தாங்க உடல் கண்ட உபாயமோ என்பது வைத்தியர்களிடையே விவாதத்திலுள்ள விஷயம்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு முதல் கேள்விக்கு வருவோம். இருதயம் தன்னைத் தானே தாங்க மாட்டாத ஒரு தசை என்று தெரிந்தபின் அது ஈசுவரனுடைய இருப்பிடம் என்னும் கூற்றுக்கு இழுக்கு வருகிறது என்று சிலர் நினைப்பதற்குக் காரணம், தெய்வம் வீற்றிருக்கும் இடம் சுதந்திரமாக, பிறிதொன்றைச் சாராததாக இருக்க வேண்டும் என்னும் எண்ணமே. இராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் சரீரம் என்பதற்குத் தந்துள்ள இலக்கணம் இவ்வெண்ணத்தைத் தலைகீழாக்குகிறது. எந்தத் திரவியத்தை ஒரு சேதனன் முழுதும் தன் பொருட்டே தாங்கவும் நியமிக்கவும் வல்லனோ, எது அவனுக்குச் சேஷமாகவே இருக்கும் இயல்புடையதோ, அது அவனுக்குச் சரீரம் என்கிறார் அவர். உலகும் உயிரும் இறைவனுக்குச் சரீரமாவது இந்த இலக்கணத்தினாலேயே. அதன்படி, தாங்கப்படுதல் என்பது ஒரு பொருளின் குறைபாடு ஆகாது. அது இறைவனோடு கொண்ட உறவின் வடிவமாகும். துடிப்புக்குத் துடிப்பு தாங்கப்பட்டாலன்றி நில்லாத இந்தத் தசையைவிடப் பாரதந்திரியத்தை வெளிப்படையாகக் காட்டும் வேறோர் உறுப்பு நம் உடம்பில் எனக்குத் தெரியவில்லை. ஆகவே, தாமரை வீட்டினுள்ளேயுள்ள நுண்ணிய வெளியைத் தியானிக்கும் தகர வித்தையை உபாசிப்பவர் தசையைத் தாண்டி வெளிக்குள் விரைய வேண்டியதில்லை, தசையின் இந்தச் சார்பையே வாயிலாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

அத்வைதிகள் இதனை ஒப்பார். தாமரை வீட்டினுள் உள்ள வெளி உண்பதுமில்லை, பசிப்பதுமில்லை. சரீரத்தின் மூப்பால் அது மூப்பதில்லை என்று சாந்தோக்கியமே சொல்லியிருக்க, உண்பதெல்லாம் அன்னமய கோசத்தைச் சேர்ந்தது, அது நீக்கி அறிய வேண்டியதேயன்றி நின்று தியானிக்க வேண்டியதன்று என்பார்கள். இது வலிய வாதம்; இதனை நான் எளிதாகக் கருதவில்லை. ஆயினும், அன்னமய கோசத்தை நமக்குக் கற்பித்த தைத்திரீய உபநிஷத்தை அவர்களோடு சேர்ந்து இறுதிவரை படித்துப் பார்க்க விரும்புகிறேன். வருணனுடைய மகன் பிருகு தவம் செய்து முதலில் அன்னமே பிரம்மம் என்று அறிந்து, பிறகு பிராணன், மனம், விஞ்ஞானம் என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஆனந்தமே பிரம்மம் என்று உணர்கிறான். கோசங்களை நீக்குவதே உபநிஷத்தின் கருத்தாயின் அங்கே அது முடிந்திருக்க வேண்டும். அது முடியவில்லை, அடுத்த அநுவாகங்களில் அன்னத்தை நிந்திக்கலாகாது, அன்னத்தைத் தள்ளலாகாது, அன்னத்தைப் பெருக்க வேண்டும் என்று விரதங்களை விதித்து, எல்லா உலகங்களிலும் விரும்பியபடி சஞ்சரிக்கும் ஞானி, தானே அன்னம் என்றும் தானே அன்னத்தை உண்பவன் என்றும் சாமம் பாடிக்கொண்டிருக்கிறான் என்று கூறியே அது நிறைவுறுகிறது.